ஓடை வடியும் வரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நால்வரும் ஒரே பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தவர்கள். இப்போது கலிஃபோர்னியாவில் வேலை செய்கிறோம். சென்ற அக்டோபரில் ஹவாயின் கவாய் தீவில் கலலாவ் பாதையை முதுகுப் பைகளோடு நடந்தோம். எங்களில் ஒருவனுக்கு முழங்கால் வலி. ஹனகோவா பள்ளத்தாக்கு வரை அவனுக்காக நின்று நின்று நடந்தோம். அதன்பின், கடற்கரையில் சந்திக்கலாம் என்று சொல்லிவிட்டு மூவரும் முன்னால் போய்விட்டோம். அவன் தூறலில் தனியாக நடந்து, எங்களுக்கு மூன்று மணி நேரம் கழித்து, இருட்டுகிற வேளையில் வந்து சேர்ந்தான். திரும்பும் நாளில் ஹனகாபியாய் ஓடையில் வெள்ளம். அன்றிரவே விமானம் என்பதால் கைகோத்துக் கடந்துவிட்டோம். அவன் வேண்டாம் என்றான், ஆனாலும் கூட வந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊர் திரும்பியபின் எங்களோடு பேசுவதை அவன் குறைத்துக்கொண்டான். இந்த ஆண்டும் அங்கேயே போகத் திட்டமிடுகிறோம். மெதுவாக நடக்கிற ஒருவனுக்காக எல்லோரும் நின்றால் பயணம் எல்லோருக்குமே கெட்டுப்போகாதா? அவனை அழைக்கலாமா? தவிர, எந்த மாதம் உகந்தது, பை எவ்வளவு எடை இருக்கலாம், என்ன காலணி வாங்கலாம், கவாய் ஆதீனத்தையும் பார்த்துவிட்டு வரலாமா என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பயண யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பீலானி என்ற ஹவாய்ப் பெண்ணின் வரலாற்றை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். கலலாவ் பள்ளத்தாக்குக்கு ஒருவருக்குத் துணையாகப் போவது என்றால் என்ன என்பதே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதே பள்ளத்தாக்கின் பெயரோடு நீங்கள் எழுதியிருந்ததால் இதை எழுதுகிறேன். பீலானியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்கிறீர்கள். உங்கள் நண்பருக்கு ஆகியிருக்கிறது. ஹனகோவாவைத் தாண்டி ஏழாம் மைலை ஒட்டி, நடப்பவர்கள் 'கிராலர்ஸ் லெட்ஜ்' என்று சொல்லும் பாறை விளிம்பை நீங்களும் நடந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் செங்குத்தாக எழும் பாறை, மறுபக்கம் பல நூறு அடிக்குக் கீழே கடல், நடுவில் ஓர் ஆள் கால்வைக்கிற அகலம். பை பாறையில் உரசும்போதெல்லாம் உடம்பு தானாகவே கடல் பக்கம் தள்ளப்படும். தரை காய்ந்திருந்தால் அது கவனமாகக் கடக்க வேண்டிய இடம், அவ்வளவுதான். தூறலில் மண் வழுக்கும்போது, முழங்கால் மடங்க மறுக்கிற ஒருவர் முன்னும் பின்னும் ஆளில்லாமல் அங்கே நிற்கும்போது, அது வேறு இடம். அந்த நேரத்தில் நீங்கள் மூவரும் கடற்கரையில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் வந்து சேர்ந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றும் எழுதவில்லை, அவர் என்ன சொன்னார் என்றும் எழுதவில்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று நீங்கள் எண்ணுவது தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் விழுந்திருந்தால் இவர்களுக்கு இருட்டும் வரை தெரிந்திருக்காது என்ற நினைப்பு ஒருவருக்கு ஒருமுறை வந்துவிட்டால், அதை அந்த நண்பர்களிடமே எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை.

இதையாவது அறியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். ஓடையைக் கடந்ததை என்னால் விட முடியாது.

கவாய் தீவின் நடுவே வையலேயலே என்ற சிகரம் இருக்கிறது. உயரம் 1,569 மீட்டர்தான், ஆனால் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மறித்து நிற்பதால் உலகிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று அது. அதை அடுத்துள்ள அலகாய் சதுப்பு மேட்டின் விளிம்பிலிருந்துதான், கலலாவ் பாதை போகும் நா பாலிக் கரையின் பள்ளத்தாக்குகள் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. மேலே பெய்த மழைக்கு ஊறி நிற்கவும் இடமில்லை, பரந்து ஓடவும் இடமில்லை. சில மைல் தூரத்துக்குள் மொத்த நீரும் கடலை எட்டியாக வேண்டும். ஆகவே கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை பெருகும். காலையில் கல் மேல் கல்லாகக் கால்வைத்துத் தாண்டிய இடத்தில் மத்தியானம் இடுப்பளவு நீர் பாயும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது குளத்துக்கும் கிணற்றுக்கும் போதும். ஓடையில் ஆழத்தைவிட வேகமும், அந்த வேகம் உருட்டி வருகிற கல்லும்தான் ஆளைக் கொல்லும். அதிலும் ஹனகாபியாயில் நீங்கள் கடந்த இடத்துக்குச் சற்றுக் கீழேயே ஓடை கடலில் விழுகிறது. அந்தக் கரையில் அலையைத் தடுக்கப் பவளத்திட்டு கிடையாது. உள்ளிழுக்கும் நீரோட்டம் நல்ல நாளிலேயே நீந்தத் தெரிந்தவர்களைக் கொண்டுபோயிருக்கிறது. கால் இடறினால் எழுந்து கரையேறுவதற்கு இடமே இல்லாத ஓர் ஓடையில், முழங்கால் நிற்காத நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறீர்கள், அதுவும் அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு.

உங்களை இவ்வளவு கடிந்துகொள்ள எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2012இல் நாங்கள் ஐந்து பேர் அதே பாதையில் திரும்பி வந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு அதே ஓடைக்கரையில் நின்றோம். பாதை முடியும் கேயே கடற்கரைக்கு இன்னும் இரண்டே மைல். அன்றிரவு லிஹுவேயிலிருந்து எங்களுக்கும் விமானம். போகும்போது கண்ணாடி போல இருந்த நீர் செம்மண் கரைத்தது போல ஓடிக்கொண்டிருந்தது. நீருக்கடியில் பாறைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை காதில் கேட்டதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் தெரிந்தது. எங்களில் மூத்தவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிக்காரர். குற்றாலத்து அருவியில் தண்ணீர் கலங்கினால் ஆட்களை வெளியேற்றுவதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர். அவர் பையை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"தண்ணி நெறம் மாறிட்டு. இனி எறங்கப்பிடாது," என்றார்.

நான் விமானத்தைச் சொன்னேன், மறுநாள் அலுவலகத்தைச் சொன்னேன், இன்னும் இரண்டு மைல்தானே என்றேன். கடைசியில், உங்களுக்குப் பயம் என்றால் நீங்கள் இருங்கள், எங்களை ஏன் பிடித்து வைக்கிறீர்கள் என்று, மற்றவர்கள் முன்னால், உரக்கவே சொன்னேன். அவர் எனக்கு மறுமொழி சொல்லவில்லை. மறுகரைப் பாறையில் இருந்த வெள்ளைக் கோடு ஒன்றைக் காட்டி, அது தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். தெரிந்தது. கால் மணி நேரத்தில் அது நீருக்குள் போய்விட்டது. அதன்பின் யாரும் பேசவில்லை. மிச்சமிருந்த அவலை நனைத்துச் சர்க்கரை போட்டு ஐந்து பேரும் பகிர்ந்து தின்றோம். கொசு பிடுங்க, முதுகோடு முதுகு சாய்த்து இரவைக் கழித்தோம். விடியும் முன்பே அந்தப் பாறை ஓசை நின்றிருந்தது. வெளிச்சம் வந்தபோது வெள்ளைக் கோடு நீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது. முழங்கால் அளவு நீரில் ஒவ்வொருவராகக் கடந்தோம்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே ஓடை பெருகி ஐம்பது பேருக்கு மேல் அக்கரையில் சிக்கிக்கொண்டார்கள், கடக்க முயன்ற ஒரு பெண் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றிப் பேசவே விடாமல், வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். 2014 ஏப்ரலில் மறுபடியும் அதே இடத்தில் சிக்கிய 121 பேரை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2018 ஏப்ரலில் அதே தீவின் வடகரையிலுள்ள வைபாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம், அதாவது 1,262 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சாலையும் பாதையும் சேதமாகி 2019 ஜூன் வரை அந்தப் பக்கம் யாரும் போக முடியவில்லை. இத்தனையும் தெரிந்த ஊரில் வெள்ளம் என்பது எதிர்பாராத தடங்கல் ஆகாது. ஓடைக்கு ஒரு நாளை ஒதுக்காமல் பயணச் சீட்டு வாங்குவதே முதல் தவறு. ஓடை பெருகினால் உட்கார வேண்டும். ஓர் இரவு உட்கார வேண்டியிருந்தால் ஓர் இரவு. இரண்டு இரவு என்றால் இரண்டு இரவு. கடைசி நாளுக்கென்று தொடாத உணவு பையில் இருக்க வேண்டும். நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் நால்வருக்கும் வேண்டாம்தான். அங்கே பெரும்பான்மை என்று ஒன்று கிடையாது.

பீலானியைச் சொல்கிறேன் என்றேன். 1865இல் ஹவாயில் வந்த சட்டத்தின்படி தொழுநோய் கண்டவர்களை வீட்டாரிடமிருந்து பிரித்து மொலோக்காய் தீவின் கலாவ்பாபாவுக்கு அனுப்பினார்கள். கவாய் தீவில் மாடு மேய்ப்பவராக இருந்த கோஓலாவுக்கும் அவருடைய சிறு மகன் கலெய்மனுவுக்கும் அந்த நோய் கண்டது. மனைவி பீலானிக்கு நோய் இல்லை. மனைவியும் உடன் வரலாம் என்றால் போகத் தயார் என்று கோஓலாவ் சொன்னார், அனுமதி கிடைக்கவில்லை. மூவரும் மலையிலிருந்து செங்குத்துச் சரிவில் இறங்கிக் கலலாவ் பள்ளத்தாக்குக்குள் போனார்கள். 1893இல், அரசி லிலியுவோகலானியை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்தவர்களின் காலத்தில், பிடிக்க வந்த ஸ்டோல்ஸ் என்ற அதிகாரியைக் கோஓலாவ் சுட்டுக் கொன்றார். துருப்புகள் வந்தன, பீரங்கி வந்தது, பிடிக்க முடியாமல் திரும்பிப் போயின. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குடும்பம் பள்ளத்தாக்கில் மறைந்து வாழ்ந்தது. முதலில் மகன் இறந்தான், பிறகு கணவர் இறந்தார். இருவரையும் புதைத்துவிட்டு பீலானி தனியாக மேடேறி ஊர் திரும்பினார். அவர் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட வரலாறு 1906இல் ஹவாய் மொழியிலேயே நூலாக வந்தது.

அந்த மூவரின் நடையை நினைத்துப் பாருங்கள். நோயுற்ற குழந்தையும் நோயுற்ற கணவரும் எந்த வேகத்தில் இறங்க முடியுமோ அந்த வேகத்தில்தான் பீலானி இறங்கியிருப்பார். அவர் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கூடாரம் அடித்த கடற்கரைக்கு மேலே இருக்கும் பள்ளத்தாக்கு அது. பீலானியின் நடையையும் விடுதி நண்பர்கள் நான்கு நாள் விடுமுறையில் போகும் நடையையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடலாம். கூட வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டவர்கள்தானே எல்லோரும்?

மெதுவாக நடப்பவருக்காக நிற்பதைப் பற்றி உங்கள் கணக்கே தவறு. நீங்கள் மூவரும் முன்னால் நடந்து, நின்று, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக் காத்திருக்கிறீர்கள். அவர் வந்து சேர்ந்ததும், வந்துவிட்டான், போகலாம் என்று எழுந்துவிடுகிறீர்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே இல்லை, களைக்காதவர்களுக்கு மூன்று மடங்கு ஓய்வு. பிறகு அவர் மேலும் பின்தங்குவதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறீர்கள். அவரை முன்னால் விடுங்கள். அவர் நின்றால் எல்லோரும் நிற்கட்டும், அவர் எழுந்தால் எல்லோரும் எழட்டும். பாதையின் 11 மைலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம், போகும்போதே ஹனகோவாவில் ஓர் இரவு தங்குங்கள். அந்த வேகத்தில் நடந்தால்தான் உங்களுக்கும் பாதை கண்ணில் படும். அங்கே நாவல் மரங்கள் காடாக மண்டியிருக்கின்றன, தெரியுமா? எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டவை பள்ளத்தாக்கையே பிடித்துக்கொண்டன. பழம் உதிர்ந்த இடத்தில் நம் ஊர்த் தெருவைப் போலவே மண் ஊதாவாகக் கிடக்கும், காலணி அடியில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றின் நிழலுக்குள் மண்டிக் கிடக்கும் கல் வரப்புகள் பழைய சேப்பங்கிழங்கு வயல்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு உண்ட படிக்கட்டு வயல்கள் அவை. விரைந்து நடந்த உங்கள் மூவரில் ஒருவராவது அவற்றைப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் எத்தனை மணி நேரம் பிந்தி வந்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

மற்றக் கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. காலணியைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், நான் சொல்லி வாங்கக் கூடாது. பை எடையில் ஒன்றே ஒன்று, நண்பரின் கூடாரத்தை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். ஓடை நீரைக் காய்ச்சாமலோ வடிகட்டாமலோ குடிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அங்கே உண்டு. ஆதீனத்துக்குக் கட்டாயம் போங்கள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழியில் வந்த சுப்பிரமுனிய சுவாமிகள் 1970இல் நிறுவியது. அங்கே கருங்கல்லில் எழுப்பிய இறைவன் கோயில் 2023இல் குடமுழுக்குக் கண்டது. ஆனால் அதை நடைக்கு முன்னால் வைக்காமல், பாதையிலிருந்து வெளியே வருவதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே ஒரு முழு நாள் விட்டு, அந்த நாளில் வையுங்கள். ஓடை நிறுத்திவிட்டால் கோயில் அடுத்த முறைக்கு.

அழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அவரை அழையுங்கள். குழுவில் செய்தி போடாதீர்கள், நீங்கள் ஒருவர் மட்டும், தொலைபேசியில். முதலில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அந்தப் பாறை விளிம்பில் அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை இடையில் பேசாதீர்கள், காரணம் சொல்லாதீர்கள். வருகிறேன் என்றால் தேதியை அவரே குறிக்கட்டும்.

அன்புடன்.