சைக்கிள் டிஸ்க் பிரேக் கேள்விகள்: ஆயில் ஊற்றும் முன் மூடியைப் படியுங்கள்

கே: இப்போது வயர் டிஸ்க் இருக்கிறது. என் எடை 90 கிலோ. மாதம் ஒருமுறை சிறுமலை போவேன். ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்) மாற்றினால் 4 பிஸ்டன்தான் வேண்டுமா? (திருமங்கலம்)

ப: மாதம் ஒரு சிறுமலைக்கு நல்ல 2 பிஸ்டன் பிரேக் தாராளம். (டிஸ்க்கைக் கவ்வும் பேட்டைத் தள்ளுவதுதான் பிஸ்டன்.) மிச்சமாகும் காசில் முன்சக்கரத்துக்கு 180 மி.மீ. டிஸ்க் போடுங்கள். 160-லிருந்து 180-க்குப் போனாலே அதே விரல் அழுத்தத்துக்குப் பிடி 12 சதவீதம் போலக் கூடும், சூடும் சீக்கிரம் ஆறும். ஆனால் உங்கள் ஃபோர்க் எத்தனை மி.மீ. வரை தாங்கும் என்று கம்பெனி ஒரு வரம்பு வைத்திருக்கும். அதைத் தாண்டக் கூடாது. பேட்டும் பிஸ்டனும் இருக்கும் கேலிப்பரைத் தள்ளி வைக்க அடாப்டர் என்ற இணைப்புத் துண்டும் வேண்டும். சக்கர ஹப்பில் டிஸ்க்கைப் பிடிப்பது ஆறு போல்ட்டா, சென்டர்லாக் என்ற ஒற்றை வளையமா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மேகமலை, கொடைக்கானல் என்று சுமையோடு அடிக்கடி இறங்குகிறவர்கள் 4 பிஸ்டனுக்குச் செலவழிக்கலாம்.

கே: பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. என்ன செய்ய? (ஊர் குறிப்பிடவில்லை)

ப: என்ன பிரேக், முன்னாலா பின்னாலா, லீவர் கைப்பிடி வரை அமுங்குகிறதா, அமுங்காமலே வழுக்குகிறதா, கடைசியாக யார் கை வைத்தார்கள்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்ல? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை அந்த வண்டியில் இறக்கம் இறங்காதீர்கள்.

கே: வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்து பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது, பிடியும் இல்லை. (உசிலம்பட்டி)

ப: பைக்குக்கு அடிக்கிற பாலிஷ் ஸ்ப்ரேயை உங்கள் டிஸ்க்கிலும் அடித்திருப்பார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து டிஸ்க்கைத் துடையுங்கள். பேட் எண்ணெய் குடித்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. அடுப்பில் காட்டுவது, பெட்ரோலில் ஊறப்போடுவது எல்லாம் நேர விரயம். முன்பே பலமுறை எழுதியதுதான்: டிஸ்க் பக்கம் எந்த ஸ்ப்ரேயும் போகக் கூடாது. செயினுக்கு ஆயிலும் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

கே: ஷிமானோ பிரேக். ஆயிலில் சிக்கிய ஏர் எடுக்க வேண்டும். சைக்கிள் கடையில் ஆயில் இல்லை, பைக் மெக்கானிக்கிடம் பிரேக் ஆயில் இருக்கிறது. ஊற்றலாமா? (மேலூர்)

ப: ஊற்றவே கூடாது. இதை எத்தனை தடவை எழுதினாலும் மாதத்துக்கு ஒரு வண்டியாவது இப்படிக் கெட்டு வருகிறது.

ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். பைக் கடையில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 என்ற வேறு வகைத் திரவம். இரண்டும் பார்க்க ஆயில்தான். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஒன்றுக்குச் செய்தது மற்றதற்கு ஒத்துவராது. ஊற்றிய அன்றைக்கு லீவர் கல் மாதிரி நிற்கும், மெக்கானிக்கும் பாராட்டு வாங்கிக்கொள்வார். நாளாக ஆக சீல் ஊதும். அண்மையில் வந்த ஒரு வண்டியில் லீவரை அமுக்கினால் பாதியிலேயே நின்றது. விரலால் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. கேலிப்பரில் ஒரு பக்கப் பிஸ்டன் நகரவே இல்லை, மறுபக்கத்தில் ஆயில் கசிந்து பேட்டும் போயிருந்தது. மினரல் ஆயிலை விட்டுக் கழுவினால் சரியாகுமா என்று கேட்டார். ஊதிய சீல் பழையபடி ஆகாது. இவற்றில் பலவற்றுக்கு சீல் தனியாகவும் கிடைப்பதில்லை, லீவரும் கேலிப்பரும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு சின்ன டப்பா ஆயிலுக்குச் சோம்பல்பட்டு முழு பிரேக்கின் விலை கொடுத்தார்.

திருப்பிச் செய்தாலும் இதே கதிதான். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட் 5.1 கேட்பவை, அதில் மினரல் ஆயில் போனால் அந்த சீல் கெடும். அதே கம்பெனியின் புதிய மாடல்களில் சில மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன. அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். லீவரில் ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியில் எழுதியிருக்கும், படியுங்கள். இன்னொன்று, டாட் 5 என்பது சிலிக்கோன்; 5.1-க்குப் பதிலாக அதை வாங்கிவிடாதீர்கள்.

மதுரையில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம், நாலு நாள் வண்டி சும்மா நின்றால் ஒன்றும் கெட்டுவிடாது.

கே: சக்கரம் சுற்றும்போது 'சர்... சர்...' என்று உரசுகிறது. (நாகமலை புதுக்கோட்டை)

ப: விட்டுவிட்டு உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. தொடர்ந்து உரசினால் கேலிப்பர் நடுவில் இல்லை. முதலில் சக்கரம் ஃபோர்க்கில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அது அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடியே மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கேலிப்பர் திரும்பிக்கொள்ளும். பிறகும் உரசினால் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கின் இருபக்க இடைவெளியைப் பாருங்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் தெரியவில்லையோ, அந்தப் பக்க பேட்டை விலக்கும்படி கேலிப்பரை நகர்த்துங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

கே: மெட்டல் பேட் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்களே? (தேனி)

ப: உழைக்கும். ஆனால் டிஸ்க்கில் 'ரெசின் பேட் ஒன்லி' (பிசின் கலந்த மென்மையான பேட் மட்டும்) என்று பொறித்திருந்தால் போடாதீர்கள், டிஸ்க்கைத் தின்றுவிடும்.

கே: புது பேட் போட்டும் பிடிக்கவில்லை. (அலங்காநல்லூர்)

ப: பேட்டை டிஸ்க்கோடு பழக்கினீர்களா? காலி ரோட்டில் 20, 25 கி.மீ. வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் 20 தடவை. இதைச் செய்யாமல் பேட்டைக் குறை சொல்லாதீர்கள்.

கே: கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது கருகிய வாடை வந்தது. தண்ணீர் ஊற்றினேன். (வத்தலக்குண்டு)

ப: ஊற்றியது தப்பு, கொதிக்கிற டிஸ்க் வளைந்துவிடும். வழி நெடுக லேசாகப் பிடித்தபடியே வந்திருப்பீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, முழுதாக விடுங்கள். வாடை வந்தால் நிழலில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

கே: காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினேன், பையன் லீவரை அமுக்கிவிட்டான். பேட் ஒட்டிக்கொண்டது. (மதுரை, கே.கே. நகர்)

ப: பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாக விரியுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அடுத்த முறை நடுவில் மடித்த அட்டையைச் செருகிவிட்டு ஏற்றுங்கள். லீவர் மூடியை மட்டும் இதற்காகத் திறக்காதீர்கள்; திறந்தே ஆக வேண்டுமென்றால், அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு.