வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி சொல்லும் 95 சதவீதத் தேர்ச்சியை நம்பலாமா?

கேள்வி: மகளைச் சேர்க்க நினைக்கும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்களில் 95 சதவீதம் பேர் லைசென்ஸ் தேர்வில் பாஸ் என்கிறது. செய்திகளிலோ, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு பெற எழுதும் எஃப்எம்ஜிஇ தேர்வில் தேர்ச்சி 20 சதவீதம் என்று வருகிறது. எதை நம்புவது?

இரண்டையுமே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர் பாஸ் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எத்தனை பேரில் என்று கேட்டால்தான் பேச்சு மாறும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. நொய்டாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, வீடு டெல்லி மயூர் விஹாரில். ‘உனக்கு மருத்துவப் படிப்பைப் பற்றி என்ன தெரியும்’ என்று கேட்க வருபவர்களுக்கு: மருத்துவம் தெரியாது, சதவீதம் போடத் தெரியும். வெளிநாட்டில் படித்தவர்களை மட்டம் தட்டுவதற்காகவும் எழுதவில்லை. என் அக்கா பையனே அப்படிப் படித்தவன்தான்.

உங்கள் மகள் நீட்டில் தகுதி பெற்றிருப்பாள், அரசு சீட் எட்டியிருக்காது, தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டு நீங்கள் மலைத்துப்போயிருப்பீர்கள், அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் போன் செய்திருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 2012-ல் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, கையில் வழவழ தாளில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில்தான் அந்த 95. அக்கா எனக்குப் போன் செய்தபோது, “எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் எழுதினாங்கன்னு கேளு” என்றேன். மாமாவோ, “இவ எல்லாத்துலயும் நொட்டை சொல்லுவா” என்று முடித்துவிட்டார். பையன் சீனா போனான்.

2018-ல் திரும்பி வந்தவன் நேராக என் வீட்டுக்கு வந்தான், எஃப்எம்ஜிஇ கோச்சிங்குக்காக. எய்ம்ஸுக்குப் பின்னால் இருக்கும் கௌதம் நகர், யூசுஃப் சராய் பக்கம் போனால் எந்தச் சந்திலும் டாக்டர் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான். முதல் தடவை தேறவில்லை. அன்று இரவு, “சித்தி, அந்தத் தொண்ணூத்தஞ்சு பேர் எங்க சித்தி இருக்காங்க? எங்க பேட்ச்ல நான் ஒருத்தரையும் பாக்கலையே” என்று கேட்டான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் ஏஜென்ட் ஆபீசுக்கு நானே போன் போட்டேன். சுற்றிச் சுற்றிப் பேசி கடைசியில் சொன்னார்: “மேடம், அது எங்க கோச்சிங்ல சேர்ந்து, மாடல் டெஸ்ட்ல குவாலிஃபை ஆனவங்க கணக்கு.” அதாவது, தேறிவிடுவார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு அதில் 95 பேர் தேறினார்கள் என்கிறார்.

இது நம் ஊர் ஏஜென்ட் மட்டும் செய்யும் வித்தை இல்லை. கரீபியன் தீவுகளில் அமெரிக்க லைசென்ஸுக்குத் தயார் செய்யும் கல்லூரிகள் பலவற்றில், யுஎஸ்எம்எல்இ என்ற அந்த லைசென்ஸ் தேர்வின் முதல் படிக்கு முன்னால் ஒரு தகுதித் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் உண்மைத் தேர்வை எழுத விடுவார்கள். இடையில் நின்றுபோனவர்களும் எழுத அனுமதி கிடைக்காதவர்களும் சதவீதத்துக்குள் வரவே மாட்டார்கள். தகுதி பார்த்து அனுப்புவது தப்பு என்று சொல்லவில்லை, ஒரு படிக்கு நான்கு தடவைதான் எழுதலாம் என்று அங்கே வரம்பு இருக்கிறது. ஆனால் நூறு பேர் சேர்ந்து முப்பது பேர் எழுதி இருபத்தெட்டு பேர் தேறினால் அது 93 சதவீதமா, 28 சதவீதமா? யுஎஸ்எம்எல்இ நடத்துபவர்கள் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் கணக்கு வெளியிடுகிறார்கள். 2022-ல் முதல் தடவை எழுதியவர்களில் 74 சதவீதம். தனிக் கல்லூரியின் எண் என்பது அந்தக் கல்லூரியே போட்டுக்கொள்வது.

இனி அந்த 20 சதவீதம். இதிலும் ஒரு கோளாறு இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கத்தில். எஃப்எம்ஜிஇயில் 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது, வருடத்துக்கு இரண்டு தடவை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தேறாதவர் அடுத்த தடவையும் ‘எழுதியவர்’ எண்ணிக்கையில் வருவார். கற்பனையாக ஒரு கணக்கு: நூறு பேரில் முதலில் 25 பேர் தேறுகிறார்கள். மீதி 75 பேர் மறுபடி எழுதி 15 பேர், பிறகு 60 பேர் எழுதி 9 பேர். மூன்றையும் கூட்டினால் 235 பேர் எழுதி 49 பாஸ், 21 சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த நூறு பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் டாக்டர் ஆகிவிட்டார்கள்! எங்கள் பையன் ஒருவனே அந்தப் பட்டியலில் பல தலையாக நின்றவன். இன்றைக்கு அவன் டாக்டர்.

2015 முதல் 2018 வரை 61,708 பேர் எழுதி 8,764 பேர் தேறினார்கள், 14.2 சதவீதம் என்று ஒரு கணக்கு இன்றும் சுற்றுகிறது. அவர்கள் நீட் இல்லாமலே வெளிநாடு போக முடிந்த காலத்தில் போனவர்கள். உங்கள் மகளை அந்த எண்ணோடு ஒப்பிட முடியாது. 2024 டிசம்பர் தேர்வில் 44,392 பேர் எழுதி 13,149 பேர் தேறினார்கள். 29.6 சதவீதம். செய்திகளில் 28.86 என்று வந்ததற்குக் காரணம், எழுத வராதவர்களையும் சேர்த்து வகுத்ததுதான். அடுத்த 2025 ஜூன் தேர்வில் 18.6. ஆறு மாதத்தில் உலகத்துக் கல்லூரிகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டனவா என்ன? ஆக, ஒரு தேர்வின் எண்ணை வைத்து ஒரு கல்லூரியை எடைபோடாதீர்கள். கல்லூரிவாரிப் பட்டியல் கிடைத்தாலும் நான்கு பேர் எழுதி மூன்று பேர் தேறிய கல்லூரி 75 சதவீதத்தோடு மேலே நிற்கும், ஜாக்கிரதை.

சரி, கௌதம் நகர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மயூர் விஹாரிலிருந்து தினமும் போய்வர முடியாமல் பையன் அங்கே அறை எடுத்தான். ஜன்னல் இல்லாத அறை. டெல்லியில் 2019-லிருந்து 200 யூனிட் வரை வீட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கறந்தார். கேட்டால், “பிடிக்கலேன்னா காலி பண்ணு.” பரீட்சைக்கு முன்னால் யார் காலி செய்வார்கள்? அதைத் தெரிந்துதானே கேட்கிறார்கள். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் செலவுக் கணக்கில் போடுவதில்லை.

ஏஜென்டிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே ஒரு ஆண்டை எடுங்கள், அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், படிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்குள் அவர்களில் எத்தனை பேர் இங்கே பதிவு பெற்றார்கள்? பெயர் கொடுத்தால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் இருக்கும் இந்திய மருத்துவப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பெயர் கொடுக்கத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு அந்த ஆணையம் போட்ட 2021 விதிகளையும் படியுங்கள். ஆங்கிலத்தில் 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்யும் தகுதி, இதெல்லாம் இல்லையென்றால் எத்தனை சதவீதம் காட்டினாலும் பிரயோசனம் இல்லை. அப்புறம், எஃப்எம்ஜிஇக்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு என்று 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது, இன்னும் நடத்தவில்லை. உங்கள் மகள் முடித்து வரும்போது எந்தத் தேர்வு இருக்கும் என்பதற்கு ஏஜென்ட் உத்தரவாதம் தந்தால், எழுத்தில் கேளுங்கள்.