மழையோடு ஸ்டான்லி பூங்கா: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, மகன் கனடாவில் வான்கூவரில் இருக்கிறான். டிசம்பர் கடைசி வாரம் நானும் கணவரும் போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். ஸ்டான்லி பூங்காவை அவசியம் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மகனோ, "இப்ப மழைதான்மா, கோடையில வந்தா காட்டறேன்" என்கிறான். குளிர்காலத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கும்? அவருக்கு முழங்கால் வலி வேறு.
வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாயம் போய் வாருங்கள் அம்மா. என் மகள் அந்த ஊரில் இருந்தபோது மூன்று தடவை போயிருக்கிறேன். அதில் இரண்டு தடவை குளிர்காலம்தான். இன்றைக்கும் மனதில் நிற்பது அந்த இரண்டும்தான்.

மகன் சொல்வதும் பொய்யில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே மழைக்காலம். கடல் பக்கத்தில் இருப்பதால் கனடாவின் மற்ற ஊர்களைப் போல் உறைந்துபோகாது. நாலைந்து டிகிரி குளிர், நாளெல்லாம் சிணுங்கும் தூறல். மழை விடட்டும் என்று உட்கார்ந்தால் உங்கள் பயணமே முடிந்துவிடும். தூறலிலேயே கிளம்பிவிடுங்கள். பலத்த காற்று வீசும் நாளில் மட்டும் போக வேண்டாம். 2006 டிசம்பரில் ஒரே இரவுப் புயலில் அந்தக் காட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் மரங்கள் சாய்ந்தன. 2022 ஜனவரியில் பேரலையும் புயலும் சேர்ந்து கடலோரச் சுவரையே பெயர்த்துப் போட்டன. கிளம்பும் நாளில் பாதை திறந்திருக்கிறதா என்று மகன் பார்த்துச் சொல்லட்டும்.

இடம் பெரிது, சுமார் 405 ஹெக்டேர். பேருக்குத்தான் பூங்கா, உள்ளே போனால் காடு. மூன்று பக்கமும் கடல், கரையை ஒட்டிக் கருங்கல் சுவர், அதன் மேல் நடைபாதை. இதைத்தான் அங்கே சீவால் என்கிறார்கள். முழுச் சுற்று ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1917ல் தொடங்கிய சுவர் 1980ல்தான் சுற்று முடிந்தது. ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கொத்தனார் முப்பது வருஷத்துக்கு மேல் அதில் கல் வைத்தார். கரையோரம் தனியாக நிற்கும் சிவாஷ் பாறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அங்கே நின்று குனிந்து பார்த்தேன். எவ்வளவு நெருக்கமாகக் கல்லோடு கல் சேர்த்திருக்கிறார்! இடுக்கெல்லாம் பாசி, கீழ் வரிசையில் கறுப்புச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக.

முழுச் சுற்று நடக்க ஆசைப்படாதீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். முதல் தடவை மதியம் இரண்டரைக்குக் கிளம்பினேன். டிசம்பரில் அங்கே சூரியன் நாலேகாலுக்கே மறைந்துவிடும். மேற்குக் கரையில் உள்ள தேர்ட் பீச் போய்ச் சேர்வதற்குள் கும்மிருட்டு. விளக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு பக்கம் மரச்சுவர் மாதிரி காடு, மறு பக்கம் அலைச் சத்தம். மகள் போன் வெளிச்சத்தில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அந்தப் பயத்தை நீங்கள் படக் கூடாது.

உங்கள் கணவரின் முழங்காலுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். நகரத்திலிருந்து 19ஆம் நம்பர் பஸ் பூங்காவுக்குள்ளேயே போகிறது. காலை பத்து மணிவாக்கில் இறங்கி, பிராக்டன் முனைக்கு மெதுவாக நடங்கள். முழுக்கச் சமதரை. அங்கே ஒன்பது டோட்டம் கம்பங்கள் நிற்கின்றன, பூர்வகுடிகள் உருவங்கள் செதுக்கி நடும் உயரமான மரக் கம்பங்கள். மழையில் நனைந்த கம்பத்தில் அந்தச் செதுக்கல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இந்தப் பூங்கா 1888ல் திறந்தபோது இது ஆளில்லாத காடு இல்லை, ஸ்குவாமிஷ் உள்ளிட்ட பூர்வகுடிகளின் ஊர் இருந்த மண். அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி ஓட்டு மேட்டை வெட்டியெடுத்துத்தான் பூங்காவின் சாலைக்குப் பரப்பினார்கள். கம்பங்களின் முன்னால் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கோடையில் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்: வாத்துகள். உள்நாட்டு ஏரிகள் உறைந்துபோவதால் அவை குளிர்காலத்துக்குக் கடற்கரைக்கு இறங்கி வருகின்றன. பாரோஸ் கோல்டன்ஐ என்று ஒரு வகை. ஆணுக்குக் கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தீற்று, கண் மஞ்சள் மணி போல. சுவரிலிருந்து பத்தடி தூரத்தில்தான் மிதக்கும். ஒன்று சட்டென்று தலைகீழாக முங்கும். அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. தண்ணீர் வெறிச்சென்று ஆகிவிடும். நான் மனதுக்குள் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து... எதிர்பாராத இடத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும், வாயில் சிப்பி. அதை அப்படியே ஓட்டோடு விழுங்கும். முதுகில் விழுந்த மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓடும். ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், நனைந்தது தெரியவில்லை. உங்கள் கணவர் நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்தபடியே இதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, அந்தக் கரையில் குளிர்காலத்தில் கடல் வற்றி வெகுதூரம் பின்வாங்குவது இரவில்தான். பகலில் தண்ணீர் பெரும்பாலும் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதனால்தான் பறவைகளும் அவ்வளவு பக்கத்தில் வருகின்றன.

நேரமும் தெம்பும் இருந்தால் லாஸ்ட் லகூன் குளத்தைப் பாருங்கள். கடல்நீர் வந்து போன சேற்று நிலம்தான், 1916 வாக்கில் குறுக்கே சாலை போட்டதும் குளமாகிவிட்டது. மேற்குப் பக்கத்தை இன்னொரு நாள் மகன் காரில் காட்டட்டும்.

கேள்வி: அந்த ஊர் மழைக்கு என்ன உடுத்துவது? புடவை மட்டுமே கட்டிப் பழகியவள் நான்.
வாசகி, திண்டுக்கல்

பதில்: புடவையே கட்டுங்கள், ஆனால் உள்ளே தெர்மல் என்ற குளிர்கால உள்ளாடை போட்டுக்கொண்டு, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுங்கள். தரையைத் தொட்டால் ஓரம் தண்ணீரை உறிஞ்சி முழங்கால் வரை ஏறும். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். நான் அதைப் போட்டுக்கொண்டு போய், ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போய்விட்டன. கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. கடல் முனைகளில் காற்று குடையைத் திருப்பிவிடும்.

கேள்வி: பேத்திக்கு அங்கே பறவைகளுக்கும் அணிலுக்கும் தீனி போட ஆசை. போடலாமா?
வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் ஐயா. அங்கே விதிப்படி குற்றம், அபராதம் உண்டு. காரணமும் இருக்கிறது. மனிதர் தரும் தீனிக்குப் பழகிய கயோட்டி நரிகள் 2021ல் அந்தப் பூங்காவில் பலரைக் கடித்தன. பேத்தி கையில் ஒரு பைனாகுலர் கொடுங்கள்.

கேள்வி: கோமகட்டா மாரு கப்பலின் நினைவிடம் இந்தப் பூங்காவில் இருக்கிறதா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: பூங்காவுக்குள் இல்லை ஐயா. நகரத்திலிருந்து பூங்காவுக்கு நடந்து வரும் கோல் ஹார்பர் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறது. 2012ல் வைத்தார்கள். 1914 மே 23 அன்று, குடியேற வந்த, பெரும்பாலும் சீக்கியர்களான 376 இந்தியர்களுடன் அந்தக் கப்பல் பர்ரார்ட் கடல் கழியில் வந்து நின்றது. சொந்த நாட்டிலிருந்து இடையில் இறங்காமல் நேராக வந்தால்தான் அனுமதி என்று ஒரு விதி. ஒரு சிலரைத் தவிர யாரையும் கரையேற விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 23 அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் போனபோது யாரோ அதன் அடியில் சாமந்திப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் நனைந்திருந்தது, இதழ் உதிரவில்லை. பிராக்டன் முனையில் நின்று நீங்கள் பார்க்கப் போவதும் அதே தண்ணீர்தான்.