முன் ஃபோர்க் இறுகிக் கிடக்கிறதா? பணத்தை எடுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் 24,000 ரூபாய்க்கு ஒரு எம்.டி.பி. (மலைப்பாதைச்) சைக்கிள் வாங்கினேன். 27.5 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக், முன்னால் 100 மி.மீ. வரை இறங்கும் ஸ்பிரிங் ஃபோர்க் (முன் சக்கரத்தின் அதிர்வு தாங்கி). என் எடை 58 கிலோ. வார நாட்களில் தார் ரோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவாணி ரோட்டுப் பக்கம் மண் பாதைகள். ஃபோர்க் இறங்குவதே இல்லை. கல் மேல் ஏறினால் உள்ளங்கை மரத்துப் போகிறது. கடையில் கேட்டால், "ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்குவது) போட்டுடுங்க, 18,000 ஆகும்" என்கிறார்கள். இருப்பதையே மென்மையாக்க முடியுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?
(கோவை வாசகர்)

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஃபோர்க் இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பாதியைச் சரிசெய்ய செலவே கிடையாது. எது உங்கள் பிரச்சினை என்று தெரியாமல் வாங்கினால், புது ஃபோர்க்கும் இதே மாதிரிதான் இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். ஃபோர்க்கின் மேல் பாதியில் பளபளப்பாகத் தெரியும் குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, இழுத்தால் நகரும் அளவுக்கு இறுக்கி, சீல் (குழாய் உள்ளே போகும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) வரை கீழே தள்ளி வையுங்கள். சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஓட்டும்போது உட்காருவது போலவே மெதுவாக ஏறி உட்கார்ந்து, குலுக்காமல் இறங்குங்கள். கேபிள் டை 15 முதல் 25 மி.மீ. வரை மேலே போயிருந்தால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் சரியாகவே இருக்கிறது. ஐந்து மி.மீ. கூட நகரவில்லை என்றால் மேற்கொண்டு பார்ப்போம்.

அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை மெல்ல அழுத்துங்கள். கவனிக்க வேண்டியது பலத்தை அல்ல, நகர்வை. முதலில் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று சறுக்கி இறங்கினால், கையை எடுத்த பிறகும் முழுசாக மேலே வராமல் தயங்கினால், கோளாறு உராய்வில் இருக்கிறது. ஒரே சீராக நகர்கிறது, ஆனால் அழுத்தப் பலம் அதிகம் வேண்டியிருக்கிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போதே லாக்-அவுட் (ஃபோர்க்கை இறங்காமல் பூட்டி வைக்கும் வசதி) திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஃபோர்க்கின் வலது கால் மேல் இருக்கும் திருகு அது. பாதி திறந்த நிலையிலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. இடது கால் மேல் இருக்கும் ப்ரீலோட் குமிழை மைனஸ் பக்கம் முழுவதும் திருப்புங்கள். அதில் ஓரளவு மாற்றம் தெரியும், ஆனால் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ப்ரீலோட் என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்பது மட்டும்தான். ஸ்பிரிங்கின் கடினம் அதனால் மாறாது.

டயரை மறந்துவிடாதீர்கள். கம்பிரசரில் 50, 60 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பும் கடைகள் ஏராளம். 58 கிலோ எடைக்கு, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள டயரில், டியூபோடு, முன்னால் 30 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துப் பாருங்கள் (டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம்). உள்ளங்கை மரத்துப்போகிறது என்கிறீர்களே, அதில் கணிசமான பங்கு இங்கேயே குறையும். இன்னும் இறக்கினால் கல் விளிம்பில் டியூப் நசுங்கி இரட்டைப் பஞ்சர் ஆகும், அதனால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது உராய்வு. இரண்டு வருடம் ஒரு முறை கூடத் திறக்காத ஃபோர்க் என்றால் என் சந்தேகம் முதலில் இதில்தான். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க்கில் எண்ணெய்க் குளியல் கிடையாது. ஒவ்வொரு காலுக்குள்ளும் இருக்கும் புஷ்களில் (குழாய் வழுக்கி நகரும் வளையங்கள்) தடவிய கிரீஸ்தான் எல்லாம். புதிதாக வரும்போதே அது தாராளமாக இருப்பதில்லை. மழை, தூசு, அப்புறம் பைக் வாட்டர் சர்வீஸ் கடையில் அடிக்கும் பிரஷர் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அதைக் கறுப்புப் பசையாக்கிவிடும்.

கழற்றுவது பயப்படும் வேலை இல்லை. சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் எடுத்துவிட்டு, இரண்டு கால்களின் அடியில் இருக்கும் போல்ட்களைச் சில சுற்றுகள் தளர்த்தி, அவற்றின் தலையில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். பிடிப்பு விட்டதும் போல்ட்களை முழுசாக எடுத்துவிட்டு, கீழ்ப்பகுதியை இழுத்தால் வந்துவிடும். குழாய்களையும் சீல்களையும் பஞ்சு வராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், சீல் ரப்பர் உப்பிப் போகும். நீளமான குச்சியில் துணி சுற்றி உள்ளே இருக்கும் புஷ்களையும் துடைத்து, சஸ்பென்ஷனுக்கென்றே விற்கும் கிரீஸை அவற்றிலும் சீலின் உள் விளிம்பிலும் தடவி மாட்டுங்கள். பேரிங் கிரீஸ் இதற்குக் கெட்டி. டபிள்யூ.டி-40 தெளிப்பது அதைவிட மோசம். அன்றைக்கு வழுக்கும், உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துவிடும், அடுத்த வாரம் முன்னைவிட இறுகும்.

துடைத்த பிறகு குழாயின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருப் புள்ளிகளில் நகம் தட்டினால், அந்த ஃபோர்க்குக்கு கிரீஸ் அதிக நாள் உதவாது. குரோம் பூச்சு உரிந்த இடம் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் மாற்றுவது நியாயம்.

சுத்தமாக நகர்கிறது, இருந்தும் கேபிள் டை ஐந்து மி.மீ. தாண்டவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு அதிகக் கடினம். இந்த ரகம் 70, 80 கிலோ ஆளை நினைத்துச் செய்யப்படுவது. எஸ்.ஆர். சன்டூர் போன்ற தயாரிப்பாளர்கள் சில மாடல்களுக்கு மென்மையான ஸ்பிரிங்கைத் தனியாகத் தருகிறார்கள். ஃபோர்க்கில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் டீலரிடம் கேளுங்கள். நீளம், மாடல் இரண்டும் பொருந்த வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன்: யார் சொன்னாலும் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். இரண்டு சுற்று வெட்டினால் இளகும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். நீளம் குறைவதால் தொடக்கத்தில் தொளதொளவென்று இருந்து இளகியது போலத் தோன்றும், அவ்வளவுதான். சில ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்குள் ரப்பர் போன்ற ஒரு தண்டு இருக்கும். அதை எடுத்தால் மென்மையாகும் என்பது உண்மை. ஆனால் பெரிய பள்ளத்தில் அடிவரை இறங்கி இடிக்காமல் தடுப்பதும் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு ஏர் ஃபோர்க்கா? ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். உங்கள் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், அரைக் கிலோவுக்கு மேல் எடையும் குறையலாம், கூடவே ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் மேலே திரும்புவது) வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழும் வரும். உங்களைப் போல எடை குறைந்தவர்களுக்குத்தான் அதன் பலன் அதிகம். சிக்கல் பொருத்துவதில் வருகிறது. உங்கள் ஃபிரேமின் முன் கழுத்துக் குழாய் மேலிருந்து கீழ் வரை ஒரே பருமனாக இருந்தால், ஸ்டீயரர் (ஃபோர்க்கிலிருந்து அந்தக் கழுத்துக்குள் போகும் குழாய்) பெரும்பாலும் 28.6 மி.மீ. நேர்க்குழாய். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அடிப்பக்கம் ஒன்றரை அங்குலமாக விரிந்தவை. குறுகலான கழுத்துக்குள் அவை நுழையாது. அச்சும் அப்படித்தான். உங்களுடையது 9 மி.மீ. குயிக் ரிலீஸாக (நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் வகை) இருக்கும், புதியவற்றில் பல 15 மி.மீ. அச்சு, 110 மி.மீ. அகலம். அதை வாங்கினால் முன் ஹப்பையும், அதாவது சக்கரத்தையே, மாற்ற வேண்டும். 18,000 என்று தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியும்.

நேர்க்குழாய், குயிக் ரிலீஸ், 27.5 அங்குலம், 100 மி.மீ. நான்கும் பொருந்துகிற ஏர் ஃபோர்க்குகளும் இருக்கின்றன. சன்டூர் எக்ஸ்.சி.ஆர். ஏர், ராக்ஷாக்ஸ் ஜூடி வரிசைகளில் தேடலாம். ஒரே பெயரில் பல வகை வருவதால் கடைக்காரரிடம் இந்த நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். 120 மி.மீ. கிடைக்கிறது, இன்னும் சொகுசு என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 20 மி.மீ. உயரம் கூடினால் முன்பக்கக் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும், ஏற்றத்தில் முன் சக்கரம் தத்தளிக்கும். பழைய ஃபோர்க் வாங்குவதானால் ஸ்டீயரர் எவ்வளவு நீளத்தில் அறுக்கப்பட்டிருக்கிறது என்று அளந்த பிறகே பணம். ஏர் ஃபோர்க்குக்கான தனிப் பம்ப்பையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் காற்றை அதில் வைக்கவே கூடாது.

என் கருத்து: 24,000 ரூபாய் சைக்கிளில் 18,000 ரூபாய் ஃபோர்க் போடுவது, ஃபிரேமும் பிரேக்கும் உங்களுக்கு மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும். இல்லையென்றால் சர்வீஸ் செய்து இன்னும் ஒரு வருடம் ஓட்டி, ஏர் ஃபோர்க்கோடு வரும் சைக்கிளுக்குச் சேமியுங்கள். மற்றொரு விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க்கை மட்டும் வாங்காதீர்கள், இருக்கும் இடத்திலேயேதான் நிற்பீர்கள்.

கேள்வி: சென்னையில் ஏர் ஃபோர்க் உள்ள சைக்கிள் வாங்கி, அங்கேயே காற்று சரிபார்த்து எடுத்து வந்தேன். ஊட்டிக்கு வந்ததும் இறுகிவிட்டது போலத் தெரிகிறது. குளிரா, என் பிரமையா?
(உதகை வாசகர்)

பதில்: பிரமை இல்லை. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கீழ்க்கால்களுக்குள் சென்னையில் அடைபட்ட காற்று இப்போது வெளியைவிட அழுத்தமாக இருந்து, ஃபோர்க்கை உள்ளே இறங்க விடாமல் தள்ளுகிறது. மேல் வால்வில் இருக்கும் காற்றின் அளவும் உயரத்தாலும் குளிராலும் மாறியிருக்கும். சில விலை உயர்ந்த ஃபோர்க்குகளில் கீழ்க்கால் காற்றை விட ஒரு பொத்தானே உண்டு. உங்களுடையதில் இல்லாவிட்டால், சொரசொரப்பு இல்லாத மெல்லிய கேபிள் டையின் நுனியைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே மெதுவாக விட்டு எடுங்கள். 'புஸ்' என்று சத்தம் வரும். உலோகம் எதையும் விடாதீர்கள், கீறல் விழுந்தால் எண்ணெய் கசியும். பிறகு ஃபோர்க் பம்ப்பால் காற்றைச் சரிபார்த்து, மேலே சொன்ன அளவுச் சோதனையை ஊட்டியிலேயே செய்யுங்கள். ரீபவுண்ட் குமிழையும் இரண்டு கிளிக் வேகப் பக்கம் திருப்பிப் பாருங்கள். குளிரில் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டியாகி, ஃபோர்க் மேலே திரும்புவது தாமதமாகும். வரிசையாகக் கற்கள் வரும் பாதையில் முழுசாக எழும்பாமலேயே அடுத்த கல்லை வாங்கும், கைக்கு அதுவும் இறுக்கமாகவே தெரியும்.

கேள்வி: வாங்கி நான்கு மாதம். லாக்-அவுட் திறந்த நிலையிலும் ஃபோர்க் பூட்டியே கிடக்கிறது. கடையில் "இந்த ரேட்டுக்கு இப்படித்தான்" என்கிறார்கள். புகார் செய்ய முடியுமா?
(திருச்சி வாசகர்)

பதில்: செய்யலாம். மென்மை போதவில்லை என்பது குறைபாடு ஆகாது. ஆனால் திறந்தும் திறக்காத லாக்-அவுட் குறைபாடுதான், விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குமிழைத் திருப்பி, ஃபோர்க்கை அழுத்திக் காட்டி ஒரே வீடியோவாக எடுத்து, பில்லோடு கடைக்கும் சைக்கிள் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பதிவாகாது. அதற்குள் நீங்களாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம், அதைச் சாக்காக வைத்து வாரண்டியை மறுப்பார்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.