செல்ஃபியை அழிக்காதீர்கள், இனி மெசேஜ் அனுப்பாதீர்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் ஈரோட்டில் வேலை பார்க்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கும் போனதில்லை. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது தீம் பார்க்கில் கூட்டமே இருக்காது, கிறிஸ்துமஸ் லீவு தொடங்குவதற்குள் போனால் ரேட் பாதிதான் என்று உள்ளூர் டிராவல் ஏஜென்ட் சொன்னார். டிசம்பர் 6-ம் தேதி அவருக்கு 11,800 ரூபாய் ஜிபே செய்து, 12-ம் தேதி பக்கத்து மாநிலத்தில் உள்ள பூங்காவுக்குப் போனோம். ‘இரண்டு இரவு தங்கல், இரண்டு நாள் அனைத்து ரைடுகளும்’ என்றுதான் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் பெரிய ரோலர் கோஸ்டர், அலைக் குளம் எல்லாம் மூடிக் கிடந்தன. ரூமில் வெந்நீர் வரவில்லை. ராத்திரி சாப்பாடு ஆறிப்போன பார்சல். கேட்டதற்கு மேனேஜர், ‘ஆஃப் சீசன் ரேட்டுக்கு இதுதான் சார் கிடைக்கும்’ என்றார். என் மனைவி அழுதுவிட்டாள். ஊர் திரும்பியதும் மேனேஜர் முகத்தைக் காட்டி ‘மோசடிப் பூங்கா’ என்று வீடியோ போட்டேன். ஏஜென்ட் இப்போது 4,000 ரூபாய்க்கு வவுச்சர் தருகிறேன் என்கிறார். சீட்டிங் கேஸ் கொடு என்கிறார் மச்சான். ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வெந்நீர், பார்சல் சாப்பாடு, மேனேஜரின் திமிர்ப் பேச்சு, இது மூன்றையும் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் மனுவில் இவற்றுக்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கொடுத்தால், நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களை ‘சாப்பாடு சரியில்லை என்று வந்த ஆள்’ என்று முடிவு கட்டிவிடுவார்.

உங்கள் வழக்கில் சட்டப்படி கனமான விஷயம் ஒன்றே ஒன்று. அதை உங்கள் கடிதம் சொல்லவே இல்லை. இணைத்து அனுப்பிய போட்டோக்களில்தான் கண்டெடுத்தேன். பூட்டிய கேட் முன்னால் உங்கள் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் செல்ஃபி. அவர் தோளுக்குப் பின்னால், கம்பியில் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டில் ‘ஆண்டுப் பராமரிப்பு, டிசம்பர் 2 முதல் 20 வரை’ என்று இருக்கிறது.

நீங்கள் பணம் கட்டியது 6-ம் தேதி. அதற்கு நான்கு நாள் முன்பே அந்த ரைடு மூடப்பட்டிருக்கிறது. எப்போது திறப்போம் என்பதும் பூங்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ‘அனைத்து ரைடுகளும்’ என்று விற்றிருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் சேவைக் குறைபாட்டுக்கு விளக்கம் சொல்லும் பிரிவு 2(11), தெரிந்திருக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே நுகர்வோரிடம் மறைப்பதையும் குறைபாடாகவே சேர்க்கிறது. உங்கள் கேஸ் அவ்வளவுதான். மலிவு விலைக்கு வாங்கியதால் இந்த உரிமை குறைந்துவிடாது. கூட்டம் இல்லாத நாளுக்குத்தான் தள்ளுபடி கொடுத்தார்கள். மூடிய ரைடுக்கான தள்ளுபடி என்றால் அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

டிக்கெட்டின் பின்பக்கம் ‘ரைடுகள் முன்னறிவிப்பின்றி மூடப்படலாம்’ என்று அச்சடித்திருப்பதை எதிர்த்தரப்பு கட்டாயம் நீட்டும். மழை, இடி, மோட்டார் கோளாறு போன்றவற்றுக்கு அந்த வாசகம் செல்லும். தேதி குறித்துப் போர்டு மாட்டிய வேலைக்குச் செல்லாது என்பதே உங்கள் வாதமாக இருக்கட்டும். ஆர்வக் கோளாறில் ‘இந்த நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம், ரத்து செய்யுங்கள்’ என்று மனுவில் சேர்த்துவிடாதீர்கள். அந்த வகைப் புகாரைச் சட்டம் மாநில ஆணையத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. ஈரோட்டில் முடிய வேண்டியதைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள்.

பூங்கா வெளிமாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகாரைப் போடலாம். ஏஜென்ட், பூங்கா இரண்டு பேரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விடுபட்டவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, பதற வேண்டாம்.

நான் பதறுவது வேறு விஷயத்துக்காக. வீடியோ போட்டேன் என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நீங்கள் இணைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில், பூங்கா மேனேஜருக்கு நீங்கள் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது: ‘அம்பதாயிரம் போடலன்னா அடுத்த வீடியோ உங்க ஆபீஸ் வாசல்லதான்.’

இதை எழுதும்போது உங்களுக்கு வீரமாக இருந்திருக்கும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், மிரட்டிப் பணம் பறித்தல் பற்றிப் பேசும் பிரிவு 308-ஐ எடுத்துப் படியுங்கள். அந்தப் பிரிவுக்குக் கீழே சட்டமே தருகிற முதல் உதாரணம் என்ன தெரியுமா? பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்று ஒருவர் மிரட்டுவது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த உதாரணம் அது. பணம் கைமாறியிருந்தால் ஏழு வருஷம் வரை தண்டனை. பணமே வராவிட்டாலும், பறிக்கும் நோக்கில் பயமுறுத்தியதற்கே இரண்டு வருஷம் வரை உண்டு. ‘ஏமாந்தது நான்தானே’ என்பது இதற்குப் பதில் ஆகாது.

என்னிடம் வருகிற நுகர்வோர் கட்சிக்காரர்கள் விழுகிற குழி பெரும்பாலும் இதுதான். சின்னத் தொகை, நியாயமான புகார், கையில் நல்ல ஆதாரம், எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு ராத்திரி கோபத்தில் டைப் செய்த மெசேஜ் ஒன்றும் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிரிண்ட் எடுப்பார். மேனேஜர் பெயரில் ஸ்டேஷனில் ஒரு மனு போகும், அதைப் பதிவு செய்து விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது ஈரோட்டிலிருந்து என்று வேறு நினைக்காதீர்கள். பூங்கா இருக்கும் ஊரிலிருந்து கூப்பிடுவார்கள். நீங்கள் லீவு போட்டு, பஸ் பிடித்து, அந்த ஊர் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்து முடிப்பதற்குள் 11,800 ரூபாய் எந்த மூலைக்கு? கடைசியில் இரண்டு பக்கமும் வாபஸ் என்று சமாதானம் ஆகும். உங்களுக்கு ஒரு பைசா வராது.

‘பணம் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்’ என்று நோட்டீஸ் விடுவது குற்றமே இல்லை. அது உங்கள் உரிமை. பணத்துக்கும் வீடியோவுக்கும் முடிச்சுப் போட்டதுதான் தப்பு.

வீடியோவிலும் வில்லங்கம் இருக்கிறது. ரைடு மூடியிருந்தது, போர்டில் இந்தத் தேதி இருந்தது, இவ்வளவு கட்டினோம் என்று சொல்வதில் பயமில்லை. உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னது என்று நிற்கலாம். ஆனால் நீங்கள் ‘மோசடி’ என்று சொல்லி, ஒரு சம்பளக்காரர் முகத்தைத் திரையில் நிறுத்தியிருக்கிறீர்கள். விளம்பரத்தை எழுதியவர் அவர் இல்லை. பணம் வாங்கியவரும் அவர் இல்லை. அதே நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-ன் கீழ் அவதூறுக்கு அவரே நேரில் வழக்குப் போடலாம். கிரிமினல் அவதூறு செல்லும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கே ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வீடியோவை இறக்கிவிடுங்கள். யாரிடமும் ‘இறக்கிவிட்டேன், இப்போது பணம் கொடு’ என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

மச்சான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் சீட்டிங் நிற்கும். போலீஸ் ‘சிவில் விவகாரம்’ என்று எழுதி மூடிவிடும். அதற்குள் உங்கள் மெசேஜும் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

ஐந்து லட்சம் கேட்கலாமா என்றால், எழுதித் தரச் சொன்னால் ஐம்பது லட்சமும் எழுதலாம். பதினோராயிரத்துச் சொச்சம் பில்லுக்கு ஐந்து லட்சம் கேட்கும் மனுவைப் பார்த்ததும் போர்டு போட்டோவின் மரியாதையும் சேர்ந்து இறங்கிவிடும். இரண்டு ராத்திரி தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், திறந்திருந்த ரைடுகளில் ஏறினீர்கள். திரும்பக் கேட்க நியாயமுள்ளது பூங்கா நுழைவுக்கான பங்கும், அலைச்சலுக்கு ஒரு மிதமான தொகையும்தான்.

என்னைக் கேட்டால், சமாதானமாகப் போங்கள். 6,000 ரூபாய் ரொக்கமாகவோ உங்கள் கணக்கிலோ வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். அந்த மெசேஜ் மட்டும் இல்லையென்றால் முழுதாகப் போராடு என்று சொல்லியிருப்பேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். இரு தரப்பும் இது சம்பந்தமாக ஒருவர் மேல் ஒருவர் எந்தப் புகாரும் கொடுப்பதில்லை என்ற வரி அதில் கண்டிப்பாக வேண்டும். உங்களுக்குப் பணத்தைவிட அந்த வரிதான் முக்கியம். பேசுவது ஏஜென்ட் என்றாலும் பூங்காத் தரப்பும், அந்த மேனேஜரும் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் போடாவிட்டால் அவதூறு வழக்கு அவர் கையில் அப்படியே இருக்கும்.

வவுச்சர் வேண்டாம். ஏஜென்ட் அனுப்பிய லிங்க்கைத் திறந்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினால், முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் கோர மாட்டேன் என்பதற்கும் சேர்த்தே சம்மதித்ததாக ஆகும். ஸ்கிரீன்ஷாட்டில் கீழே பொடி எழுத்தில் அது இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். வவுச்சர் மார்ச் வரைதான் செல்லும், பண்டிகை, விடுமுறை நாட்களில் செல்லாது என்பதும் அங்கேயே இருக்கிறது.

பேச்சு முறிந்து ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால், அந்த செல்ஃபி எடுத்த போனிலேயே அசலாக இருக்க வேண்டும். கிராப் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் போன பிரதியில் எடுத்த தேதி விவரம் தங்காது. ஆணையம் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பார்ப்பதில்லை. இருந்தாலும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன் கீழ், மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழோடு தாக்கல் செய்துவிடுங்கள், ‘எடிட் செய்தது’ என்ற பேச்சுக்கு இடம் வேண்டாம். ஏஜென்ட் அனுப்பிய விளம்பரம், ஜிபே ரசீது, அந்த சாட் எதையும் அழிக்காதீர்கள். உங்களைச் சிக்க வைக்கும் மெசேஜையும்தான். அதை அழித்தாலும் மேனேஜர் போனில் இருக்கும், அழித்தது தனிக் கேள்வியாகும்.

இதற்குள் எந்த ஸ்டேஷனிலிருந்தாவது போன் வந்தால், கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். பேசுபவர் பெயர், ஸ்டேஷன், மனு எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, எழுத்து மூலம் சம்மன் அனுப்பச் சொல்லிவிட்டு, ஈரோட்டிலேயே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.