சினைப் பன்றிக்குக் கூண்டா, கூட்டமா? – கேள்வி பதில்

சினைப் பன்றிகளை அடைப்பது பற்றித்தான் இந்த முறை நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 30 தாய்ப்பன்றிகளோடு பண்ணை தொடங்கப் போகிறேன். தனிக் கூண்டு போடலாமா, சேர்த்து அடைக்கலாமா?

பதில்: தீவனம் எப்படிப் போடப் போகிறீர்கள்? அதை முடிவு செய்துவிட்டால் கொட்டகை தானாக முடிவாகிவிடும். இரண்டடி அகலம், ஏழடி நீளத்தில் தனிக் கூண்டு பரவியதே, ஒவ்வொன்றும் தன் பங்கைப் பறிகொடுக்காமல் தின்னட்டும் என்பதற்காகத்தான். தீவன அளவு தப்பாது, சண்டை கிடையாது, சினை பார்ப்பதும் எளிது. ஆனால் சினைக்காலமான 115 நாளும் திரும்பக்கூட முடியாமல் நிற்கிற பன்றிக்குக் கால் வலு போகும். வேலையில்லாமல் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், இணை சேர்ந்து 4 வாரம் ஆனதிலிருந்து ஈனுவதற்கு ஒரு வாரம் முன்புவரை கூட்டமாகத்தான் வைக்க வேண்டும்.

உங்கள் அளவுக்கு நான் சொல்வது: ஆறு பன்றிக்கு ஓர் அறை, தின்னும் இடத்தில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பு. தின்னும்வரை பின்கதவைச் சாத்திவைத்து, பிறகு திறந்துவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் இரண்டின் நல்லதும் இதில் கிடைக்கும்.

கேள்வி: ஒரு பன்றிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: ஐரோப்பிய விதிப்படி தாய்ப்பன்றிக்கு 2.25 சதுர மீட்டர், கிடாரிக்கு (இன்னும் ஒரு முறைகூட ஈனாத இளம் பெண் பன்றி) 1.64. கலிபோர்னியாவில் 24 சதுர அடி. கணக்குப் போட்டால் தாய்ப்பன்றிக்கு ஏறத்தாழ அதே அளவுதான். ஆறுக்குக் குறைவாக அடைத்தால் 10 சதவீதம் கூட்டுங்கள். சின்ன அறையில் அடி வாங்குகிற பன்றிக்கு ஓட வழி இருக்காது.

கேள்வி: ஐயா, இணை சேர்த்து 12-ஆம் நாள் எட்டுப் பன்றிகளை ஒரே அறையில் விட்டேன். பயங்கரச் சண்டை. இரண்டு திரும்பவும் பருவத்துக்கு வந்துவிட்டன. சேர்த்து வளர்ப்பதே தப்பா?

பதில்: சேர்த்தது தப்பில்லை, நாள்தான் தப்பு. கரு கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்குகிற சமயம் அது. நாலு வாரம் ஆகும்வரை அதற்குப் பிடிமானம் போதாது. அந்த இரண்டும் சண்டையால்தான் திரும்பின என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; விந்தின் தரம், வெயில் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த நாட்களில் இடம் மாற்றாதீர்கள். பால் மறக்கடித்த கையோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் 35 நாள் பொறுத்து, சினை உறுதியானதும் சேருங்கள்.

யார் பெரியவள் என்று அவை முடிவு செய்ய இரண்டு நாள் பிடிக்கும். வயிறு நிறையப் போட்டு, சாயங்காலமாகச் சேருங்கள். தரையில் வைக்கோலை இறைத்துவிட்டால் கவனம் அதில் போகும். கிடாரிகளைப் பெரிய பன்றிகளோடு கலக்கவே வேண்டாம்.

கேள்வி: நீளத் தொட்டியில்தான் போடுகிறேன். ஒன்று மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. நோயா?

பதில்: குடற்புழு, கால்வலி இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன், தீவனம் கொட்டியதும் ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். எல்லாம் தொட்டிக்குள் தலையை விட்டிருக்கும்போது ஒன்று மட்டும் பின்னால் நடை போடும். இடையில் மூக்கை நுழைக்கும், பக்கத்தில் உள்ளது ஒரு வெட்டு வெட்டியதும் விலகிவிடும். அதன் காதிலும் தோளிலும் பழைய கீறலும் புதுக் கீறலுமாக இருக்கும். உள்ளங்கையை அதன் இடுப்பெலும்பின் மேல் வையுங்கள். அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்பட வேண்டும். சும்மா வைத்ததுமே தட்டுப்பட்டால் அது பட்டினி கிடக்கிறது. அதைப் பிரித்துத் தனியாகப் போடுங்கள். மொத்தத் தீவனத்தைக் கூட்டினால் கொழுத்ததுதான் இன்னும் கொழுக்கும். கொழுத்தது ஈனும்போது திணறும்.

கேள்வி: காதுப் பட்டையைப் படித்துத் தானாகத் தீவனம் போடும் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: ஒரு இயந்திரம் 50, 60 பன்றியைச் சமாளிக்கும். 30-ஐ வைத்துக்கொண்டு அது எதற்கு? வாசலில் வரிசை நீண்டால், காத்திருப்பவை முன்னால் நிற்பதன் பின்புறத்தைக் கடித்துவிடும் தொல்லையும் உண்டு.

கேள்வி: தரை?

பதில்: வழுக்கக் கூடாது, சொரசொரப்பு குளம்பைத் தேய்க்கவும் கூடாது. இடைவெளி விட்ட தரை என்றால் அந்த இடைவெளி 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. படுக்கிற பக்கம் கெட்டித் தரையாக இருக்கட்டும்.

கேள்வி: வெயில் காலத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன.

பதில்: பன்றிக்கு வியர்த்து உடம்பு ஆறாது. 25 டிகிரி தாண்டினாலே அதற்குக் கஷ்டம். சினையின் முதல் மாதமும் கடைசி மாதமும் ரொம்பக் கவனம். காற்றோட்டத்தோடு, கழுத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற மாதிரி குழாய் போடுங்கள். பன்றி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் குழாயையும் பாருங்கள்: கீழே ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தால் அரை நிமிடத்தில் நிரம்ப வேண்டும். பலர் பண்ணையில் இரண்டு நிமிடம் ஆகிறது!

கேள்வி: ஈனும் அறைக்கு எப்போது மாற்றுவது?

பதில்: 110-ஆம் நாள் வாக்கில், குளிப்பாட்டிவிட்டு. குட்டிகளைப் பிரித்த பிறகு அதே ஆறு பன்றிகளையும் அதே கூட்டமாகத் திரும்ப விடுங்கள். ஒன்றையொன்று மறந்திருக்காது, சண்டை பாதியாகக் குறையும்.