40 மில்லியன் இருக்கிறதே, ஒன்று போதாதா?

கேள்வி: எனக்கு 31 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருடம். இவருடைய விந்துப் பரிசோதனையில் மில்லிலீட்டருக்கு 40 மில்லியன் அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 14 வீதம் என்று வந்திருக்கிறது. "40 மில்லியன் இருக்கே, ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும்தானே" என்று சொல்லி டொக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். மாமி என்னைத்தான் குறை சொல்கிறார். அசைவு அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம்தான் தங்கச்சி. போய்ச் சேர்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் கஷ்டமான பகுதியே தொடங்குகிறது.

முட்டையைச் சுற்றித் தடித்த, பசை போன்ற ஓர் உறை இருக்கிறது. விந்தணுவின் தலையிலுள்ள நொதிகள் கொஞ்சம் உதவும், ஆனால் வால் தள்ளாமல் உள்ளே போக முடியாது. அதற்கு நீந்தும்போது அடிக்கிற ஒழுங்கான சின்ன அடி காணாது. பெண்ணின் உடலுக்குள் சில மணித்தியாலம் கிடந்து பக்குவப்பட்ட பிறகு, வாலுக்குள் கல்சியம் பாய, கரையில் போட்ட மீன் மாதிரி அது ஒரு பக்கமாக வளைந்து வளைந்து பலமாக அடிக்கத் தொடங்கும். தண்ணீர் போன்ற திரவத்தில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வெறிகாரன் மாதிரி வட்டமடிக்கும், ஒரு இடமும் போகாது. கூழ் போலத் தடித்த இடத்தில் விட்டால் அதே அடிதான் அதை முன்னே கொண்டுபோகும். எலிகளில் வாலுக்குள் கல்சியத்தை விடுகிற வாயிலுக்கான மரபணுவை நீக்கிப் பார்த்து 2001இல் எழுதினார்கள்: விந்தணு இருந்தது, ஓரளவு நீந்தவும் செய்தது, குட்டிதான் இல்லை. முட்டையின் உறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தபோது அதே விந்தணு கருக்கட்டியது!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி முன்னோக்கி நீந்துபவை குறைந்தது 30 வீதம் இருக்க வேண்டும். 14 குறைவுதான், ஆனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். சாம்பிளை வீட்டில் எடுத்து, ஏசி போட்ட வாகனத்தில் காலி வீதி நெரிசலுக்குள் நின்று நின்று கொண்டுபோனீர்களா? ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூட்டில் போய்ச் சேராவிட்டால் அசைவு குறைத்துத்தான் காட்டும். கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் அவருக்கு டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்ததா? விந்தணு உருவாக எழுபது நாளுக்கு மேல் எடுக்கும், அதனால் பழைய காய்ச்சல் இப்போதுதான் ரிப்போர்ட்டில் தெரியும். சிகரெட் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

திரும்பவும் குறைவாகவே வந்தாலும் வழி இருக்கிறது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கிற இக்ஸி முறையில் கர்ப்பம் தங்கியதை 1992இலேயே பிரசல்ஸில் அறிவித்துவிட்டார்கள், அதில் வால் அடிக்கவே தேவையில்லை. உங்கள் கணவர் சொன்ன "ஒன்று போதும்" அங்கேதான் சரிவரும், ஆனால் அதற்கும் அவர் டொக்டரிடம் வந்தாக வேண்டுமே.

மாமி இனிக் குறை சொன்னால் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், ரிப்போர்ட்டை மகனே தாய்க்கு விளக்கட்டும். உங்கள் பரிசோதனைகளையும் தள்ளிப்போடாமல், இரண்டு பேருமாக ஒரே நாளில் போய்க் காட்டுங்கள்.